ஏசி ஆகாது

வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்ததும் தடாலென்று ஏறி உட்காருகிறவர்களைக் கண்டால் மெழுகக்காவுக்கு ஆகாது. உள்ளே அடைபட்டுக் கிடக்கிற சூடு முதலில் வெளியே போகட்டும், அதற்கு வழி விடாமல் போய் உட்கார்ந்தால் அது நம் தலையில்தான் இறங்கும் என்பது அவளுடைய கட்சி. ஆகவே நான்கு கதவுகளையும் திறந்துவைப்பாள். தன் பக்கத்துக் கதவைப் பிடித்து விசிறி போல முன்னும் பின்னும் ஆட்டுவாள். பார்க்கிறவர்கள் கீல் கழன்றுவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

வண்டியைக் கிளப்பியதும் காற்றுக் குமிழை இரண்டில் வைப்பாள். உள்காற்றா வெளிக்காற்றா என்று தீர்மானிக்கிற சின்ன நெம்புகோலை வெளிக்காற்றுப் பக்கம் தள்ளுவாள். பின்சீட்டு ஜன்னல் ஒன்றை இரண்டு விரல் அகலம் இறக்குவாள். உள்ளே இருக்கிற காற்று போக வழியில்லாவிட்டால் புதுக்காற்று எப்படி வரும்? முன்னால் புகை கக்குகிற லாரி வந்தால் நெம்புகோல் உள்காற்றுக்குப் போகும். லாரி விலகியதும் மறக்காமல் பழைய இடத்துக்கே வரும். மழை நாளில் முன்கண்ணாடி மங்கினால் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, கொஞ்சம் சூட்டையும் கலந்துவிடுவாள். சமையலில்கூட அவள் இவ்வளவு பக்குவம் பார்த்ததில்லை.

இவ்வளவு கூத்தும் எதற்கு? அந்தக் குமிழ்களுக்கு நடுவில் 'ஏசி' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கினால் ஆகாதா? ஆகும். ஆனால் அவள் அமுக்க மாட்டாள். மூன்று கோடை போய்விட்டது, அமுக்கவே இல்லை. யார் கையும் தவறிப் பட்டுவிடக் கூடாதென்று அதன்மேல் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்திரி வேறு ஒட்டிவைத்திருந்தாள்.

அவள் வேலை பார்த்தது பல் செட் செய்கிற கூடத்தில். பல் டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். இங்கிருந்து பல்லாகத் திரும்பிப் போகும். அந்தக் கூடத்தில் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, வேலைதான் பெயர். மாவைக் குழைத்துத் தாடை அச்சு வார்க்கிறவர் பிளாஸ்டர் அண்ணன். அச்சின்மேல் மெழுகு கட்டிப் பல்லை ஒவ்வொன்றாக நட்டு வரிசை பிடிக்கிறவள் மெழுகக்கா. முடிந்த செட்டைச் சுழல்கிற சக்கரத்தில் காட்டிப் பளபளப்பாக்குகிறவள் பாலிஷ். எல்லோருக்கும் மேலே டாக்டரம்மா. மெழுகு மேசையில் நாள் முழுக்க ஒரு ஸ்பிரிட் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஃபேன் போட்டால் சுடர் ஆடும், மெழுகு கண்டபடி இறுகும், பல் கோணிக்கொள்ளும். மற்றவர்கள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு என்ன வெக்கை, என்ன வெக்கை என்று அலுத்துக்கொள்ளும்போது, மெழுகக்கா மூஞ்சிக்கு நேரே நெருப்பை வைத்துக்கொண்டு ஊரார் சிரிப்பதற்குப் பல் நட்டுக்கொண்டிருப்பாள்.

அதனால்தான் கார் வாங்கலாம் என்று வீட்டுக்காரர் பேச்செடுத்தபோது அவள் நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை, எத்தனை வருஷத்துப் பழசு என்றுகூடக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏசி வேலை செய்யணுங்க. வேலை விட்டு வர்ற அந்த அரை மணி நேரமாவது நான் குளிர்ச்சியா உட்காரணும்."

வீட்டுக்காரர் சோபாக் கடையில் விற்பனை பார்க்கிறவர். ஸ்பிரிங் அமுங்கிப்போன சோபாவைக்கூட, உட்கார்ந்து பாருங்க, எப்படி உள்வாங்குது பாருங்க என்று சொல்லியே தலையில் கட்டிவிடுவார். அப்படிப்பட்டவரை யாராவது ஏமாற்ற முடியுமா? ஒரு மழைக்கால விடியற்காலையில் போய் வண்டியை ஓட்டிப் பார்த்து, அன்றைக்கே கையோடு கொண்டுவந்துவிட்டார். குமிழைத் திருகி, அவள் கையைப் பிடித்துக் காற்று வருகிற துவாரத்தின் முன்னால் காட்டினார். சில்லென்று இருந்தது. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

முதல் இரண்டு வாரம் வீட்டுக்காரரே அவளைக் கொண்டுவந்து கூடத்து வாசலில் விட்டார். அதற்குள் அவளும் ஓட்டிப் பழகிவிட்டாள். தனியாக ஓட்டிய முதல் நாளே, பாலிஷ் வீடும் போகிற வழிதானே என்று அவளையும் ஏற்றிக்கொண்டாள். மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். மெழுகக்கா பெருமையாக விரலை நீட்டினாள். விரல் பொத்தானைத் தொடுவதற்குள் பாலிஷ் அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு ஏசி ஆகாதுக்கா. மூக்கு அடைச்சுக்கும், அப்புறம் ராத்திரியெல்லாம் இழுப்பு. நேத்து போட்ட ஏசி வாடை வண்டியில இருந்தாக்கூடப் போதும், ஆரம்பிச்சிடும்."

அவ்வளவுதான். நீட்டிய விரல் மடங்கியது. நான்தான் சொல்கிறேனே, மெழுகக்கா ஒருத்தர்மேல் பிரியம் வைத்துவிட்டால் அப்புறம் நிதானமே கிடையாது. பாலிஷ் அவளுக்குக் கூடப் பிறக்காத தங்கை. இடுப்பு பிடித்துக்கொண்டு மெழுகக்கா படுத்த படுக்கையாகக் கிடந்த வாரத்தில் தினமும் வந்து தலைக்கு ஊற்றிவிட்டுப் போனவள். அவள் மூக்குக்காக ஒரு பொத்தானை விட்டுக்கொடுக்க முடியாதா? ஞாயிற்றுக்கிழமை போட்டால் திங்கட்கிழமை வாடை இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமையும் போடவில்லை. ஏசி இல்லாமல் ஒரு காரைக் குளுகுளுவென்று வைத்துக்கொள்ள என்னென்ன உண்டோ அத்தனையும் அப்படித்தான் கற்றுக்கொண்டாள். உச்சி வெயிலில் அது குளுகுளுவென்று இருக்காது, வெதுவெதுவென்றுதான் இருக்கும். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள்.

அவள் பொறுத்தாள், மற்றவர்கள் பொறுப்பார்களா? பின்சீட்டில் வந்துகொண்டிருந்த பிளாஸ்டர் அண்ணன் அந்த வண்டிக்கு அடுப்பு என்று பெயர் வைத்தார். ஒரு கோடை முழுக்கத் தோளில் துண்டோடு வந்து பார்த்துவிட்டு, ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டு கழன்றுகொண்டார். நாத்தனார் ஒரு கல்யாணத்துக்குப் பட்டுப் புடவையில் நனைந்து இறங்கி, அண்ணி ஏசியைக் கழற்றி பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க என்று மண்டபத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். பெட்ரோலுக்குப் பார்க்கிற கஞ்சம் என்று சொந்தத்தில் பெயர் நிலைத்துவிட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சீக்குக்காரி என்று பெயர் வந்துவிடும், யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா என்று பாலிஷ் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே மெழுகக்கா வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லியிருந்தாள். சாயங்காலம் சோபாக் கடை வாசலில் அவரை ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். அவர் ஏறி உட்கார்ந்து சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, உன் சிநேகிதி மூக்குக்காக நாம வெந்து சாகணும் என்று தினமும் ஒரு பாட்டம் புலம்புவார். இவளுக்குக் குற்றமாக இருக்கும். பாவம், என் பிடிவாதத்துக்கு இந்த மனுஷனும் சேர்ந்து வேகிறாரே என்று காற்றுத் துவாரத்தை அவர் பக்கம் திருப்பிவிடுவாள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கூடத்தில் செராமிக் அறை வந்தது. பீங்கான் மாவைத் தூரிகையால் அப்பி, அசல் பல்லே தோற்கிற மாதிரி பல் செய்கிற அறை. கண்ணாடிக் கதவு. தூசி விழக் கூடாதென்று எந்நேரமும் ஏசி. அங்கே போகிறவர்களுக்குச் சக்கரமும் கிடையாது, தூளும் கிடையாது. வெள்ளைக் கோட்டு, தனி நாற்காலி. டாக்டரம்மா மெழுகக்காவைக் கூப்பிட்டு, உன் சிநேகிதியை அதில் போடலாமென்று நினைக்கிறேன், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

மெழுகக்கா கொஞ்சம் தயங்கினாள். பாலிஷ் கை அருமையான கை, அதற்கு மறுபேச்சில்லை. ஆனால் நாள் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்தால் அவள் மூச்சு என்ன ஆகும்? வெளியில் சொல்லாதே என்றுதான் கேட்டிருக்கிறாள். இருந்தாலும் உயிர் சமாசாரம் இல்லையா?

"கை நல்ல கை டாக்டர். ஆனா அவளுக்கு ஏசி ஆகாது. இழுப்பு வந்துடும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

டாக்டரம்மா சரி என்றார். சக்கரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டாள். அன்று மாலை காரில் பாலிஷ் வாயே திறக்கவில்லை. ஏமாற்றத்தில் இருக்கிறாள் போலிருக்கிறது என்று மெழுகக்காவும் கிளறவில்லை. அவளைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் காற்றுக் குமிழை இரண்டிலிருந்து மூன்றுக்கு வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மா மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை. பாலிஷ் தன்னிடம் வந்து ஏன் என்னைப் போடவில்லை என்று நேருக்கு நேர் கேட்டதையும், வேறு வழியில்லாமல் காரணத்தைச் சொன்னதையும் சொன்னார். எனக்கு ஏசி ஒன்றும் செய்யாது, வேண்டுமானால் ஒரு வாரம் உள்ளே உட்கார வைத்துப் பாருங்கள் என்றாளாம். உட்கார வைத்தும் பார்த்தாராம், உணவு இடைவேளைகளில். ஒரு தும்மல்கூட இல்லையாம்.

"உனக்கு அந்த இடம் வேணும்னா என்கிட்ட வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கூடவே கூட்டிக்கிட்டு வந்து, கூடவே கூட்டிக்கிட்டுப் போயி, முதுகுக்குப் பின்னால இப்படிச் செய்வேன்னு நான் நினைக்கலை. அக்கா ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு எனக்கே தெரியலைன்னு அந்தப் பொண்ணு அழுதா."

மெழுகக்கா என்ன சொல்வாள்? மேசைக்குத் திரும்பி வந்தாள். யாருடையதோ ஒரு கீழ்த்தாடை அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. கஞ்சம் என்று சொன்னார்கள், வாங்கிக்கொண்டாள். இப்போது பொறாமைக்காரி, பொய்க்காரி. முதல் பெயரை எவளுக்காக வாங்கிக்கொண்டாளோ, அவளே இரண்டாவது பெயரையும் வாங்கிக்கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அவள் நட்ட பல்லெல்லாம் கோணல்.

சாயங்காலம் பாலிஷ் வழக்கம்போல வந்து காருக்குப் பக்கத்தில் நின்றாள். மெழுகக்கா கதவை ஆட்டவில்லை. சூட்டை வெளியே விடவில்லை. ஏறு என்றாள். தெருமுனை திரும்பியதும் பிளாஸ்திரியை நகத்தால் நெம்பிப் பிய்த்தாள். மூன்று கோடை ஒட்டிக் கிடந்தது, விடமாட்டேன் என்று பசையோடு இழுத்துக்கொண்டு வந்தது. பொத்தானை அமுக்கினாள். அதன் ஓரத்தில் பச்சையாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. நான்கு ஜன்னலையும் ஏற்றிவிட்டாள். நெம்புகோலை உள்காற்றுக்குத் தள்ளிக் குமிழைக் கடைசி எண்வரைக்கும் திருகினாள். உஸ்ஸென்று காற்று வந்தது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல குளிரும். உன் மூக்கு என்ன ஆகுதுன்னு நானும்தான் பாக்கறேன்."

பாலிஷ் மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சிக்னல் போயிற்று. இரண்டாவது சிக்னலும் போயிற்று. துவாரத்திலிருந்து வந்தது அனல்தான். மெழுகக்கா கையை அதன் முன்னால் பிடித்துப் பார்த்தாள், பொத்தானை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். பச்சை விளக்கு நன்றாகத்தான் எரிந்தது.

"அது குளிராதுக்கா," என்றாள் பாலிஷ். "வண்டி வந்த அன்னைக்கே அதுல ஏசி வேலை செய்யலை."

மெழுகக்கா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பாலிஷ் தலை நிமிராமலே எல்லாவற்றையும் சொன்னாள். மழைக்கால விடியற்காலையில் வீட்டுக்காரர் வண்டியை ஓட்டிப் பார்த்தாரே, அன்றைக்குத் துவாரத்தில் சில்லென்று வந்தது ஏசியே இல்லை. வெளியில் அடித்த ஈரக்காற்றுதான், நெம்புகோல் வெளிக்காற்றில் இருந்ததால் அப்படியே உள்ளே வந்திருக்கிறது. விற்றவன் பச்சை விளக்கைக் காட்டியிருக்கிறான், இவர் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியிருக்கிறார். நாலு நாள் கழித்து ஒரு மத்தியானம் கொஞ்சம் வெயிலடித்தபோது, அவர் தனியாக ஓட்டிப் பார்த்ததில்தான் விஷயம் விளங்கியிருக்கிறது. மெழுகக்காவை இறக்கிவிட வந்த ஒரு காலையில், அவள் உள்ளே போன பிறகு, கூடத்து வாசலிலேயே பாலிஷிடம் கெஞ்சியிருக்கிறார். அவ கேட்டதே அது ஒண்ணுதான், தெரிஞ்சா என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவா. ஏசி ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. ரெண்டே வாரம், அதுக்குள்ள சரி பண்ணிடறேன், அப்புறம் உனக்குச் சரியாப் போச்சுன்னு சொல்லிடலாம். வாடை, இழுப்பு எல்லாம்கூட அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

"ரெண்டு வாரம்னு சொன்னாரு. அப்புறம் கேக்கறப்பெல்லாம் அடுத்த மாசம், அடுத்த மாசம்னாரு. நான் எத்தனை நாளைக்குத்தான்க்கா இல்லாத இழுப்பை இழுத்துக்கிட்டு இருப்பேன்? என் வேலைக்கே வேட்டு வைக்கிற மாதிரி ஆனப்புறம் என்னால முடியலை."

மெழுகக்காவுக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது. வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று பயமாகவும் இருந்தது. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். டாக்டரம்மாவிடம் ஏசி ஒன்றும் செய்யாது என்று சொன்னாயே, அது சரி. அக்கா ஏன் சொன்னாங்கன்னு தெரியலை என்று எதற்குச் சொன்னாய்?

"வேற என்னக்கா சொல்றது? அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனசு வரலை."

"என்னைக் காட்டிக்கொடுக்க வந்துச்சா?"

பாலிஷ் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். மெழுகக்கா அவளைக் கூப்பிடவில்லை.

சோபாக் கடைக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு வந்தது ஆத்திரம் மட்டுமல்ல. மழைக் காற்றை ஏசி என்று நினைத்து ஒரு மனுஷன் ஏமாறலாம், அதில் என்ன இருக்கிறது? அன்றைக்கே வந்து, நான் ஏமாந்துட்டேம்மா என்று தலையைச் சொறிந்திருந்தால் அவளும் நாலு வார்த்தை கத்திவிட்டுச் சிரித்திருப்பாள். பொறுக்க முடியாதது மற்றதுதான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உன் சிநேகிதியால வேகிறோம் என்று புலம்பினாரே. தன் தங்கை கல்யாண மண்டபத்தில் கேலி பேசியபோது எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாரே. இவள் குற்ற உணர்ச்சியோடு காற்றைத் திருப்பிவிட்டபோதெல்லாம் பெரிய மனசு பண்ணி வாங்கிக்கொண்டாரே. இருந்தாலும், கடை தெரிகிற தூரம் வந்ததும் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரு வாய்ப்புக் கொடுப்பேன். அவர் வாயாலேயே உண்மையைச் சொல்லிவிட்டால், இப்போதாவது சொல்லிவிட்டால், இதை இத்தோடு விட்டுவிடுவேன். சத்தியமாக விட்டுவிடுவேன்.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஏறியதும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வழக்கமான புலம்பலைத் தொடங்க வாயைத் திறந்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"என்ன, ஏசி போட்டிருக்கே?"

"அவ இனிமே நம்ம வண்டியில வரமாட்டா. அதான் போட்டுட்டேன். கதவை நல்லாச் சாத்துங்க, குளிர் வெளிய போயிடும்."

அவர் சாத்தினார். வண்டி நகர்ந்தது. ஜன்னல் நான்கும் மூடியிருந்தன, மேற்கு வெயில் கண்ணாடி வழியாக நேரே மடியில் வந்து விழுந்தது, உள்காற்று சுற்றிச் சுற்றி அதே சூட்டைக் கொண்டுவந்து கொட்டியது. அவர் காதோரத்தில் கிளம்பிய வியர்வை கன்னத்தில் இறங்கிக் காலருக்குள் போவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். சொல்லுங்க என்று மனசுக்குள் கெஞ்சினாள். சிவப்பு விழுந்தது. நிறுத்தினாள். அவர் பக்கம் திரும்பி, முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டாள்.

"குளிருதாங்க?"

அவர் துவாரத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டார். சோபாவில் உட்கார்ந்து காட்டுகிற அதே முகம்.

"ம். நல்லாக் குளிருதே. இத்தனை நாளா இதை அநியாயமா விட்டுட்டோம் பாரு."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். மெழுகக்கா வண்டியை எடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் தன் பக்கத்து ஜன்னலை மட்டும் முழுவதும் இறக்கினாள். தெருவின் காற்று வந்து முகத்தில் அடித்தது.

"ஏன், உனக்குக் குளிர் ஜாஸ்தியா இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"எனக்கு இனிமே ஆகாதுங்க," என்றாள்.

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்திலும் ஜன்னல் இருந்தது, இறக்குகிற பொத்தான் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. நல்லாக் குளிருது என்று சொன்ன வாயோடு அதை எப்படி இறக்குவார்? வீடு வரும்வரை அவர் அதைத் தொடவில்லை.